மணமகளின் கையெழுத்து எங்கே? முஸ்லிம் விவாகச் சட்டம் பற்றிக் கொழும்பில் நான் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தெமட்டகொடையில் என் வீட்டு முன்விறாந்தையில் ஒரு பழைய மேசை இருக்கிறது. சனி, ஞாயிறு என்றால் அதற்கு முன்னால் யாராவது ஒரு பெண் வந்து உட்காருவாள். காதிக்கு, அதாவது முஸ்லிம் விவாக வழக்குகளை விசாரிக்கும் நீதிபதிக்கு, விண்ணப்பம் எழுதித் தரச் சொல்வாள், அல்லது வந்த கடிதத்தை வாசித்துக் காட்டச் சொல்வாள். நான் சட்டத்தரணி அல்ல, ஓய்வுபெற்ற ஆசிரியை. கல்யாண வீட்டிலும் பஸ்ஸிலும் மையித்து வீட்டிலும் அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள் என்பதால் அவற்றை ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தருகிறேன்.

முஸ்லிம் பெண்களுக்கு மட்டும் வேறு சட்டம் என்கிறார்களே, அது எது?

1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். இலங்கையில் இரண்டு முஸ்லிம்கள் மணமுடித்தால் திருமணம், மணவிலக்கு, தாபரிப்புப் பணம், மாப்பிள்ளை கொடுக்கும் மஹர், பெண் வீட்டார் கொடுக்கும் கைக்கூலி எல்லாம் இதற்குள்தான் வரும். இவற்றை விசாரிப்பவர் காதி. அவரை நீதிச் சேவை ஆணைக்குழு நியமிக்கிறது. அவருடைய தீர்ப்பில் குறை கண்டால் கொழும்பில் உள்ள காதிகள் சபைக்குப் போகலாம். அதற்கு மேல் மேன்முறையீட்டு நீதிமன்றம், உயர் நீதிமன்றம்.

நீதிமன்றம் என்றதும் கறுப்பு அங்கியும் உயரமான மேடையும் மனதில் வரும். பல காதிகள் பாடசாலை வகுப்பறையிலோ, பள்ளிவாசல் மண்டபத்திலோ, சொந்த வீட்டிலோதான் விசாரிக்கிறார்கள். நான் ஒருமுறை ஒரு பெண்ணுக்குத் துணையாகப் போன இடத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வாங்கில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். கரும்பலகையில் எட்டாம் வாய்ப்பாடு அழிக்கப்படாமல் இருந்தது. தன் படுக்கையறை விஷயத்தை அவள் அதற்கு முன்னால், அடுத்த வழக்குக்குக் காத்திருந்தவர்கள் காதில் விழச் சொல்ல வேண்டியிருந்தது.

இது அல்லாஹ்வின் சட்டம். இதில் கைவைக்க நாம் யார்?

எல்லாவற்றையும்விட அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்களின் பயம் உண்மையானது என்பதால் நிதானமாகப் பதில் சொல்கிறேன். குர்ஆன் அல்லாஹ்வின் வார்த்தை. 1951 ஆம் ஆண்டுச் சட்டம் பாராளுமன்றத்தில் எழுதப்பட்டது. அதற்கு முன் 1929 இல் ஒரு கட்டளைச் சட்டம் இருந்தது. அதற்கும் முன் 1806 இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த முகம்மதியர் சட்டக்கோவை இருந்தது. அதன் வேர் ஒல்லாந்தர் பத்தாவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) கொண்டுவந்த தொகுப்பில் இருக்கிறது. ஒல்லாந்தக் கம்பனியும் ஆங்கிலக் கவர்னரும் கைவைத்த ஒன்றை அதனால் பாதிக்கப்படும் முஸ்லிம் பெண் தொடக் கூடாது என்று எந்த ஆயத்தில் இருக்கிறது?

இந்தச் சட்டத்தில் இருக்கும் சில விஷயங்கள் குர்ஆனில் இல்லை. கைக்கூலி இல்லை. காதி ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. குர்ஆனில் இருக்கும் சில விஷயங்கள் இந்தச் சட்டத்தில் இல்லை. மனைவியரிடையே நீதியாக நடக்க முடியாது என்று அஞ்சினால் ஒருத்தியோடு நிறுத்திக்கொள் என்று குர்ஆன் 4:3 சொல்கிறது. அந்த நீதியை விசாரித்தறியும் ஏற்பாடு எதுவும் 1951 இல் எழுதப்படவில்லை.

என் மகளின் நிக்காஹ் பதிவில் அவள் கையெழுத்தே இல்லையே. மறந்துவிட்டார்களா?

மறக்கவில்லை. சட்டம் கேட்பது மணமகன், மணமகளின் வலி (அவள் சார்பில் நிற்கும் ஆண் பொறுப்பாளர்), நிக்காஹ் நடத்தியவர் ஆகியோரின் கையெழுத்தை. மணமகளின் கையெழுத்தை அது கேட்கவில்லை.

என் நிக்காஹ் அன்று நான் உள் அறையில் பாயில் உட்கார்ந்திருந்தேன். வெளியே மண்டபத்தில் ஆண்கள் கூடியிருந்தார்கள். வாப்பா வந்து கதவருகில் நின்று, “மகள், சம்மதம்தானே?” என்றார். மாமி என் முதுகில் கை வைத்தார். நான் தலையை அசைத்தேன். அவ்வளவுதான். அப்போது நான் பயிற்றப்பட்ட ஆசிரியை. ஒரு நாளைக்கு நாற்பது பிள்ளைகளின் கொப்பியில் கையெழுத்திடுகிறவள். பதிவுப் புத்தகத்தை நான் பார்த்தது பதினொரு வருடங்களுக்குப் பிறகு, பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கச் சான்றிதழ் தேவைப்பட்டபோது. என் பெயரில் ஓர் எழுத்து பிழையாக இருந்தது.

சம்மதம் வேண்டும் என்பதில் மார்க்கம் தெளிவாக இருக்கிறது. கன்ஸா பின்த் கிதாம் என்ற பெண்ணை அவர் தந்தை அவர் விருப்பத்துக்கு மாறாக மணமுடித்து வைத்தார். அவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். அந்தத் திருமணத்தை நபியவர்கள் செல்லாததாக்கினார்கள். இது புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. ஒரு கையெழுத்து அந்தச் சம்மதத்துக்குச் சாட்சியாக நிற்கும். இன்றைக்கே ஒரு வழி உண்டு: பதிவாளரிடம் சொல்லி மணமகளும் அதே தாளில் கையெழுத்திடலாம். சட்டம் கேட்கவில்லை என்பதால் தடுத்திருக்கிறது என்று ஆகிவிடாது.

எத்தனை வயதில் கட்டிக்கொடுக்கலாம்?

மற்றச் சமூகத்தவருக்கு 1995 முதல் 18. முஸ்லிம்களுக்கு 1951 ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தபட்ச வயது என்று ஒன்றை வைக்கவில்லை. 12 வயதுக்குக் குறைந்த சிறுமி என்றால் காதி விசாரித்து அனுமதி தர வேண்டும் என்று மட்டும் 23 ஆம் பிரிவு சொல்கிறது. அனுமதியோடு அதுவும் நடக்கலாம் என்பதே இதன் பொருள். தண்டனைச் சட்டக்கோவையில் 16 வயதுக்குக் குறைந்தவளோடு உறவுகொள்வது அவள் சம்மதித்தாலும் வன்புணர்வு. ஆனால் 12 வயதைக் கடந்த மனைவிக்கு அங்கே விதிவிலக்கு. அந்த விதிவிலக்கு யார் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொருந்தும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மொரோக்கோ 2004 இல் 18 என்று வைத்தது. இந்தோனேசியா 2019 இல் பெண்ணின் வயதை 19 ஆக உயர்த்தியது. இரண்டிலும் நீதிமன்றம் விலக்கு அளிக்கலாம், அது குறைதான். ஆனாலும் வயது ஒன்றை வைப்பது இஸ்லாத்துக்கு விரோதம் என்று அந்த நாடுகளின் முஸ்லிம்கள் நினைக்கவில்லை. எனக்கு இதில் இரண்டு பேச்சு இல்லை. பதினைந்து வயதில் ஓ.எல். வகுப்பிலிருந்து எழுப்பிக் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகளின் வெற்று நாற்காலிகளை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு வாப்பா இல்லை. நானாதான் (அண்ணன்) வலி, அவர் சம்மதிக்க மாட்டேன் என்கிறார். நான் என்ன செய்வது?

இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாபி மத்ஹப் என்ற மார்க்கச் சட்டப் பிரிவைச் சேர்ந்தவர்கள். ஷாபி பெண்ணின் திருமணத்துக்கு வலி வேண்டும் என்று 25 ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் வலி நியாயமில்லாமல் மறுத்தாலோ, வலியே இல்லாவிட்டாலோ காதி அனுமதி தரலாம். அந்த அதிகாரம் 47 ஆம் பிரிவில் இருக்கிறது. காதியிடம் எழுத்தில் கேளுங்கள், நானா மறுக்கும் காரணத்தையும் எழுதுங்கள்.

ஹனபி மத்ஹபில் வயது வந்த பெண் வலி இன்றியே மணம் செய்யலாம். ஒரே இஸ்லாத்தின் இரண்டு மத்ஹபுகளில் இரண்டு நிலைப்பாடு இருப்பதை அறிந்தால், மாற்றம் என்றாலே மார்க்கத்தை விட்டு விலகுவது என்று சொல்ல மனம் வராது.

இந்தத் தலையிடியே வேண்டாம். பொதுச் சட்டத்தில் பதிந்துகொள்ள முடியாதா?

இரண்டு பேரும் முஸ்லிம் என்றால் முடியாது. பொதுவான விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் முஸ்லிம்களுக்கு இடையிலான திருமணத்தைத் தனக்கு வெளியே வைத்திருக்கிறது. விரும்பும் முஸ்லிம்கள் அதில் பதியலாம் என்று 2021 இல் அமைச்சரவை இணங்கியது. அது சட்டமாக வந்து சேரவில்லை.

அடிப்படை உரிமை என்று உயர் நீதிமன்றம் போகலாமே என்று இளம் பிள்ளைகள் கேட்பார்கள். அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. 16 ஆம் உறுப்புரையோ, 1978 க்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்கிறது. 1951 ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

அவர் காரணம் சொல்லாமல் தலாக் கேட்டார், கிடைத்தது. எனக்கு மட்டும் ஏன் சாட்சி கேட்கிறார்கள்?

வழிகள் வேறு என்பதால். கணவன் தலாக் சொல்லப் போவதாகக் காதிக்கு அறிவிக்கிறார். காதி இணக்கப்படுத்தப் பார்க்கிறார். முப்பது நாள் கழிந்தும் மனம் மாறாவிட்டால் காதியும் சாட்சிகளும் இருக்கத் தலாக் சொல்லிப் பதிகிறார். காரணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. போனில் மூன்று முறை எழுதி அனுப்பிவிட்டார் என்று அழுதுகொண்டு வருபவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்: அந்தச் செய்தியால் காதியின் பதிவேட்டில் எதுவும் மாறிவிடாது. செய்தியை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

மனைவி கேட்டால் அது பஸஹ். அடித்தார், தாபரிக்கவில்லை, விட்டுப் போனார் என்று காரணம் சொல்லிச் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். காதியோடு மூன்று மதிப்பீட்டாளர்களும் அமர்ந்து கேட்பார்கள். எல்லோரும் ஆண்கள். கதவைப் பூட்டிக்கொண்டு அடிப்பவனுக்கு எங்கிருந்து சாட்சி கொண்டுவருவது? ஆஸ்பத்திரித் துண்டு, பொலிஸ் முறைப்பாட்டின் இலக்கம், உடனே சொன்ன உறவினர், எல்லாமே பயன்படும். சட்டத்தரணியை அழைத்துப் போக முடியாது. 74 ஆம் பிரிவு தடுக்கிறது. சமரசம் எளிதாக நடக்கட்டும் என்று வைத்த ஏற்பாடு அது. நடப்பில், பேசத் தெரிந்தவர் பேசுகிறார், தெரியாதவள் வாய் மூடி நிற்கிறாள்.

மனைவியின் விருப்பத்தில் பிரியும் குலா என்ற வழியும் உண்டு. தாபித் பின் கைஸின் மனைவி, கணவரின் குணத்திலும் மார்க்கத்திலும் குறை சொல்லவில்லை, அவரோடு வாழ விருப்பமில்லை என்றார். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நபியவர்கள் அவரை விடுவித்தார்கள். எகிப்து 2000 இல் இதை அடியொற்றிக் கணவன் சம்மதம் இன்றியே நீதிமன்றம் குலா வழங்கச் சட்டம் செய்தது. இங்கே கணவன் இணங்காவிட்டால் குலா அந்தரத்தில் நிற்கிறது.

இரண்டாவது கல்யாணம் செய்யப்போகிறார் என்று கேள்வி. எனக்குத் தெரிவிக்க வேண்டாமா?

24 ஆம் பிரிவின்படி அவர் முப்பது நாள் முன்பாகச் சம்பந்தப்பட்ட காதிமார்களுக்கு அறிவிக்க வேண்டும். அந்த அறிவித்தல் ஜும்ஆப் பள்ளிவாசலில் பார்வைக்கு வைக்கப்படும். நீங்கள் சம்மதிக்க வேண்டும் என்றோ, இரண்டு குடும்பத்தைத் தாபரிக்க வசதி உண்டா என்று விசாரிக்க வேண்டும் என்றோ சட்டத்தில் இல்லை. பள்ளிவாசல் பலகையில் ஒட்டும் தாளைப் பெரும்பாலான பெண்கள் எப்படிப் பார்ப்பார்கள்?

பாகிஸ்தானில் 1961 முதல் நடுவர் சபையின் எழுத்துமூல அனுமதி வேண்டும். துனீசியா 1956 இலேயே பலதார மணத்தைத் தடை செய்தது. நான் தடை கேட்பவர்களின் பக்கம். ஆனால் அதுவரை, குறைந்தது ஒரு விசாரணையாவது வேண்டும்.

பெண் காதியாக வர முடியுமா?

முடியாது. “முஸ்லிம் ஆண்” என்று சட்டமே எழுதியிருக்கிறது. பதிவாளர், மதிப்பீட்டாளர், காதிகள் சபை உறுப்பினர் எல்லோருக்கும் இதே நிபந்தனை. மலேசியா 2010 இல் ஷரீஆ நீதிமன்றங்களுக்குப் பெண் நீதிபதிகளை நியமித்தது. பலஸ்தீனத்தில் 2009 முதல் இருக்கிறார்கள். இந்தோனேசியாவின் மார்க்க நீதிமன்றங்களில் அவர்கள் இருப்பது இன்னும் பழைய செய்தி.

நம் ஊரிலும் ஆயிஷா ரவூப் 1949 இலேயே கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். பம்பலப்பிட்டி முஸ்லிம் மகளிர் கல்லூரியின் அதிபராக இருந்தவர் அவர். நகரத்தை நிருவகிக்கத் தகுதி இருந்த பெண்ணுக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த சட்டம் காதியின் நாற்காலியை மறுத்தது. ஒரு பெண் தன் மாதவிடாயையும் கருச்சிதைவையும் சொல்ல வேண்டிய இடத்தில் எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் என்ன ஆறுதலாக இருக்கும் என்று வழக்குக்குப் போய் வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

மஹர், கைக்கூலி இரண்டும் ஒன்றா?

இல்லை. மஹர் கணவன் மனைவிக்குக் கொடுப்பது, அது அவளுக்கே சொந்தம். கைக்கூலி பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுப்பது. மார்க்கத்தில் அதற்கு இடமே இல்லை, ஆனால் சட்டம் அதை அங்கீகரித்து, காதி மூலம் திருப்பிக் கேட்கவும் வழி வைத்திருக்கிறது. கொடுத்த தொகையைப் பதிவில் எழுதுங்கள். இலட்சக் கணக்கில் கொடுத்துவிட்டு மஹரைச் சில ஆயிரத்தில் எழுதும் வழக்கத்தை வீட்டுப் பெரியவர்களே நிறுத்த வேண்டும்.

சொத்தில் ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒன்று. இதையும் மாற்றச் சொல்கிறீர்களா?

அது வேறு சட்டம்: 1931 ஆம் ஆண்டின் முஸ்லிம் மரண சாசனமில்லா வழியுரிமைக் கட்டளைச் சட்டம். பங்கு குர்ஆன் 4:11 இல் இருக்கிறது. நான் இங்கே பேசுவது 1951 ஆம் ஆண்டுச் சட்டத்தை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: உயிரோடிருக்கும்போது பிள்ளைகளுக்கு ஹிபா (நன்கொடை) எழுதி வைக்கத் தடை இல்லை. கிழக்கில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. சீதனச் சுமை என்ற குறை அதற்குண்டு. ஆனாலும் புருஷன் விரட்டிவிட்டால் தெருவில் நிற்காமல் இருப்பதற்கு அந்த வீட்டுக் கூரைதான் பல பெண்களுக்குக் கைகொடுத்திருக்கிறது.

அபாயா, முகத்திரை எல்லாம் வீட்டு ஆண்கள் கட்டாயப்படுத்தித்தானே போடுகிறீர்கள்?

வெள்ளவத்தையில் என்னோடு படிப்பித்த ஒரு தமிழ் ஆசிரியை அன்போடு கேட்டது. சிலர் கட்டாயத்தில் போடுகிறார்கள், சிலர் விரும்பிப் போடுகிறார்கள், சிலர் சேலையின் முந்தானையால் தலையை மூடுவதோடு சரி. என் உம்மா அப்படித்தான் இருந்தார். எந்த வடிவத்திலும் முடிவு அந்தப் பெண்ணுடையதாக இருக்க வேண்டும். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, 29 ஆம் திகதி அவசரகால விதியின் கீழ் முகம் மூடுவது தடை செய்யப்பட்டது. ஆகஸ்டில் அவசரகாலம் முடியும்வரை அது இருந்தது. அந்த மாதங்களில் முகம் திறந்திருந்தவர்களையே, தலையில் முக்காடு இருந்ததற்காகக் கடை வாசலில் நிறுத்தினார்கள். போடு என்று கட்டாயப்படுத்துவதையும் கழற்று என்று கட்டாயப்படுத்துவதையும் நான் ஒன்றாகவே எதிர்க்கிறேன்.

சவூதியில், ஆப்கானிஸ்தானில் இதைவிட மோசம். நாம் நன்றாகத்தானே இருக்கிறோம்?

ஆப்கானிஸ்தானில் 2021 முதல் பெண்பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்புக்கு மேல் பாடசாலை இல்லை, 2022 டிசம்பர் முதல் பல்கலைக்கழகமும் இல்லை. ஈரானில் அதே ஆண்டு செப்டம்பரில் மஹ்சா அமினி காவலில் இறந்தார். அந்தப் பெண்களுக்காக துஆ செய்வோம், பேசுவோம். ஆனால் அவர்கள் வேதனையைக் காட்டி இங்குள்ளவளை வாயடைக்கச் செய்யக் கூடாது. மேலே சொன்ன மொரோக்கோ, துனீசியா, மலேசியா உதாரணங்களையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

நம் வீட்டு விஷயத்தை வெளியே பேசினால், நம்மை வெறுப்பவர்களுக்கு அது ஆயுதமாகிவிடாதா?

இந்தக் கேள்விதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. 2014 இல் அளுத்கமையிலும் 2018 இல் திகனவிலும் முஸ்லிம்களைத் தாக்கினார்கள், பிறகு 2020 இல் கொவிட்டில் இறந்த நம்மவர்களின் ஜனாஸாக்களை எரித்தார்கள். “ஒரே நாடு, ஒரே சட்டம்” என்று முழங்கியவர்களில் பலருக்கு முஸ்லிம் பெண்களின் நலனில் எந்த அக்கறையும் இருக்கவில்லை. அவர்கள் கையில் நம் பிள்ளைகளின் கண்ணீரைக் கொடுக்க எனக்கும் விருப்பமில்லை.

ஆனால் நாம் உள்ளுக்குள் பேசாமல் இருக்கவில்லை. முஸ்லிம் பெண்கள் ஆய்வு, செயல் முன்னணி போன்ற அமைப்புகள் பல பத்தாண்டுகளாகப் பேசுகின்றன. 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைத்தார்கள். அறிக்கை வந்தது 2018 இல், அதுவும் இரு தரப்பாகப் பிரிந்து. அந்த ஒன்பது ஆண்டுகளில் பிறந்த பெண்பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். பொறுங்கள் என்று சொல்லப்பட்டது எப்போதும் பெண்களுக்குத்தான். நம் சட்டத்தை நாமே சீராக்கினால் வெளியிலிருந்து வந்து அழிக்க நினைப்பவருக்குக் காரணம் குறையும் என்பதே என் எண்ணம்.

மற்றச் சமூகங்களில் எல்லாம் சரியாகவா இருக்கிறது?

இல்லை. யாழ்ப்பாணத்துத் தேசவழமை என்ற வழக்குச் சட்டத்தின் கீழ் வரும் திருமணமான பெண், தன் சொந்தக் காணியை விற்கவும் கணவனின் சம்மதம் வேண்டும். முகத்திரை பற்றிக் கேட்ட என் ஆசிரியைத் தோழியும் அதில் அடிபட்டவர்தான். இருவரும் ஒருவர் சட்டத்தை மற்றவர் கேட்டு மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தோம்.

ஒஸ்தா மாமியை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள் என்கிறார் மாமியார். பெண் குழந்தைக்குக் கத்னா அவசியமா?

வேண்டாம். ஒஸ்தா மாமி வந்து செய்யும் கத்னா, பெண் குழந்தையின் பிறப்புறுப்பில் வெட்டுவது. குர்ஆனில் அப்படி ஒரு கட்டளை இல்லை. 2018 இல் சுகாதார அமைச்சு வைத்தியர்கள் இதைச் செய்யக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. வைத்தியர் செய்யக் கூடாததை வீட்டில் பிளேடோடு ஒருவர் செய்யலாமா? குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, “இல்லை” என்று சொல்லுங்கள். மாமியாரோடு பேச வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

கணவர் அடிக்கிறார். காதியிடம் போவதா, பொலிஸுக்குப் போவதா?

இரண்டும் வேறு. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லாச் சமூகத்துக்கும் பொதுவானது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், அங்கே சட்டத்தரணி பேசலாம். வசதி இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். 1938 பெண்களுக்கான தொலைபேசி இலக்கம், 1929 சிறுவர்களுக்கானது. “காதியிடம் மட்டும்தான் போக வேண்டும்” என்று பொலிஸில் திருப்பி அனுப்பினால் இந்தச் சட்டத்தின் இலக்கத்தைச் சொல்லுங்கள்.

நாளைக்கு எனக்கு விசாரணை. என்ன கொண்டுபோக வேண்டும்?

விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, எல்லாவற்றிலும் இரண்டு பிரதி. தாபரிப்புக் கேட்பதாக இருந்தால் வீட்டு வாடகை, பால்மா, மருந்து, பாடசாலை வேன் ஆகியவற்றின் பற்றுச்சீட்டுகள். சென்ற மாதம் வந்த ஒரு பெண் அவற்றை ஒரு பால்மா டின்னுக்குள் மாதவாரியாக ரப்பர் போட்டுக் கட்டி வைத்திருந்தாள். காதி ஒவ்வொன்றாக எடுத்துக் கூட்டிப் பார்த்தார். அதுவரை “எனக்கு வருமானம் இல்லை” என்று சொல்லிக்கொண்டிருந்த கணவன் அதற்குப் பிறகு பேசவில்லை. கணவரின் வேலையிடமும் தெரிந்தால் எழுதிக்கொள்ளுங்கள். கட்டளைப்படி பணம் வராவிட்டால் காதி அதை நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பி அறவிடலாம்.

வழக்கு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு கட்டளையின் பிரதியையும் கேளுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். தனியாகப் போகாதீர்கள், தாத்தாவையோ (அக்காவையோ), பக்கத்து வீட்டாரையோ அழைத்துப் போங்கள். உள்ளே விடாவிட்டாலும் வாசலில் ஒருவர் நிற்பது நல்லது. தீர்ப்பு சரியில்லை என்று பட்டால் அன்றைக்கே திகதியைக் குறித்துக்கொண்டு, காலம் கடத்தாமல் காதிகள் சபைக்கு எழுத வேண்டும். அந்தக் கடிதத்துக்கு வேண்டுமானால் என் விறாந்தை மேசைக்கு வாருங்கள், அஸர் தொழுகைக்குப் பிறகு, பின்னேரத்தில், வீட்டில்தான் இருப்பேன்.